பேச்சியின் கௌதாரி

மூன்று வாரம் முன்பு வரை எங்கள் வீட்டில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு கௌதாரி கூவிக்கொண்டிருந்தது.

சிவகாசியில், இரண்டாவது மாடியில், பக்கத்துத் தெரு அச்சகத்தின் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கௌதாரி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் தாரணியின் கைபேசியிலிருந்து வந்தது. அவள் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறாள். எழுந்திருக்க அந்தக் கூவலைத்தான் அலாரமாக வைத்திருந்தாள். முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி இரண்டு சின்னச் சத்தம். பிறகு ‘கத்தீதர், கத்தீதர், கத்தீதர்’ என்று படியேறுவதுபோல ஏறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும். கௌதாரியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சின்னக் கோழியளவு இருக்கும், மண் நிறத்தில் உடம்பெல்லாம் கோடு. பறக்கத் தெரியும். ஆனால் ஓடுவதில்தான் அதற்கு விருப்பம்.

கைபேசியில் கூவியது நிஜக் கௌதாரி இல்லை. அது பேச்சி. என் சித்தப்பா மகள். என்னைவிட ஆறு மாதம் இளையவள், தாரணிக்குச் சித்தி முறை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடும் கோழியும் வைத்துப் பிழைக்கிறாள். கிராமத்துக் கோழிகளுக்கு வருகிற நோயையும், காட்டில் கௌதாரி குறைந்துபோனதையும் தாரணி படிப்புக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டபோது, பேச்சி வீட்டில் தங்கித்தான் வேலை பார்த்தாள். நிஜக் கூவலைப் பதிவு செய்ய நான்கு விடியற்காலை ஓடைப் பக்கம் காத்திருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் பேச்சி, “அட, நானே கூவுறேன், புடிச்சுக்கத்தா” என்று வாயைக் குவித்துக் கூவிக் கொடுத்திருக்கிறாள்.

ஆக, என் வீட்டில், நான் பெற்ற பிள்ளையை, தினமும் எழுப்பியது பேச்சி. இருபத்தோரு வருஷமாக அது என் வேலை. ‘எந்திரித்தா, மணியாச்சு’ என்று நான் நாலு தடவை கத்தினாலும் அசையாதவள், இந்த மூன்று கத்தீதருக்கு எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டாள். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு நாள் பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன்.

பொறாமை என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐம்பதை நெருங்குகிறேன். பி.காம். படித்தவள். அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் இதற்கு வேறு சொல் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை.

எங்கள் ஊர் மல்லாங்கிணறுக்குப் பக்கம். ஊரை நினைத்து உருகுகிற ஆள் நானில்லை. வெயில், புழுதி, உப்புத் தண்ணீர். படிப்பைச் சாக்கு வைத்துக் கிளம்பியவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரிசல் மண். புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். பருத்திக் காடு, கம்பங்காடு, தரிசாகக் கிடந்தால் வெறுங்காடு. அப்பாவின் காடும் சித்தப்பாவின் காடும் ஒட்டி ஒட்டி. எங்கள் வீடு ஊருக்குள். சித்தப்பா வீடு காட்டிலேயே, கிணற்று மோட்டார் ரூமை ஒட்டி.

பேச்சிக்கு எல்லாமே தானாக வந்தது. ஓட்டம் வந்தது, நீச்சல் வந்தது, எந்த நாயும் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. வகுப்பில் முதல் ஆளாக வருவது மட்டும் என் பங்கு. அதை யாரும் வேடிக்கை பார்க்க வந்ததாக நினைவில்லை. ஒரு கம்பு அறுவடையில் தாளுக்கு நடுவே ஏழு கௌதாரி முட்டையைக் கண்டெடுத்தாள். எங்கள் வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியையே இரவல் கேட்டு வாங்கிப்போய் அதன் அடியில் வைத்தாள். கோழியை அம்மா கொடுத்தாள். நான் ‘குடுக்காதம்மா’ என்று காலைப் பிடித்தேன். இரண்டு பொரித்து, ஒன்று பிழைத்தது.

அந்த ஒன்றுக்குக் கறையான் தீனி. உடைந்த பானைக்குள் சாணியையும் வைக்கோலையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் காட்டில் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்து போய்ப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கறையான் நெளியும். அந்த ஈரச் சாணியும் மண்ணும் கலந்த வாடை, மழைக்காலத்தில் பழைய காகிதக் கட்டைப் பிரிக்கும்போது எங்கள் அச்சகக் கிடங்கில் இன்றும் வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் கட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன்.

கௌதாரி வளர்ந்து நாய்க்குட்டி மாதிரி பேச்சிக்குப் பின்னால் ஓடியது. தண்ணீர்க் குழாய்க்கு ஓடியது, கடைக்கு ஓடியது, ஒரு நாள் பள்ளிக்கூட வாசல் வரை வந்து வாத்தியாரைப் பார்த்துச் செருமியது. அவள் கூவினால் அது கூவும். அது கூவினால் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுக் கௌதாரிகள் பதில் கூவும். விடியற்காலையில் சித்தப்பா வீட்டு வேலி வரை வந்து நின்று இதனோடு சண்டைக்குக் கூப்பிடும். கண்ணி வைத்துப் பிடிக்கிறவர்கள் வந்து, ‘இத வச்சுக் கூப்பிட்டம்னா காட்டுல உள்ள அம்புட்டும் வந்துரும், குடுங்க’ என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பார்த்தார்கள். பேச்சி அதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நானும் கறையான் எடுத்துப்போய் நீட்டியிருக்கிறேன். என் உள்ளங்கையில் கொத்திக் கொத்தித் தின்னும். தீர்ந்ததும் நிமிர்ந்து பார்க்கும். பேச்சி எந்தத் திசையில் இருக்கிறாளோ அந்தத் திசையில் ஓடிவிடும்.

நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா விருதுநகருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சாக்குக்குள் கட்டி ஒரு ஜோடி வான்கோழி வாங்கி வந்தார். “கவுதாரி என்னத்தா கவுதாரி, கைக்குள்ள அடங்கிப் போகும். இந்தா பாரு, அதுக்குப் பாட்டன் மாதிரி.”

அப்பாவுக்கு அளவு பெரிதாக இருந்தால் ஆசையும் தீர்ந்துவிடும் என்று ஒரு எண்ணம். சாக்கை அவிழ்த்ததும் சேவல் வாலை விரித்து, கழுத்துச் சதை சிவந்து, ‘களகளகள’ என்று ஒரு சத்தம் போட்டது. தொண்டையில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டினது மாதிரி. முதல் நாளே என்னைத் துரத்தியது. இரண்டாம் நாள் அப்பாவைத் துரத்தியது. பேச்சி கௌதாரியைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள்.

“யக்கா, ஒன் வான்கோழிக்கு மூக்குல பாவாடை நாடா தொங்குது. ஒரு முடிச்சுப் போட்டு விடு.”

தெருவே சிரித்தது. அப்பா கூடச் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வான்கோழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில், சீசன் உச்சத்தில், ஒரு பட்டாசு லேபிளுக்கு வால் விரித்த பறவை ஒன்றின் படம் வந்தது. கீழே ‘மயில்’ என்று போட்டிருந்தது. நான் வட்டமிட்டு ‘இது வான்கோழி’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் கொடுத்தவர் நேரிலேயே வந்துவிட்டார். “வால விரிச்சிருக்கா? விரிச்சிருக்கு. அப்ப மயிலுதான். லோடு ஏத்தணும், போடுங்க தங்கச்சி” என்றார். அந்த வருஷத் தீபாவளிக்கு எங்கோ வடக்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் என் வான்கோழி மயில் என்ற பெயரில் வெடித்திருக்கும். அதற்கு அந்த மரியாதையாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் நிஜ வான்கோழிக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை. அந்தப் பங்குனியில் முதலில் சேவல் வாலை விரிப்பதை நிறுத்தியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இறங்கியது. வெள்ளைக்கழிச்சல். நாலாம் நாள் அது போனது, ஆறாம் நாள் பெட்டை போனது, அடுத்து எங்கள் நாட்டுக்கோழிகள். காலையில் கூடையைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தும் அந்த வாடை போகவில்லை.

இப்படிச் சீக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பார்வைக்குத் தெளிவாக இருக்கிற கோழிகளைப் பிடித்து, சொந்தக்காரர் வீட்டுக்கு இடம் மாற்றி விடுவார்கள். அங்கே சீக்கு இல்லை, அதனால் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்கு. சீக்கைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கிறோம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மனிதருக்கு மனிதர் செய்கிற பெரிய உதவி அது. மறுத்தால் உறவே முறியும்.

அம்மா மூன்று பெட்டையைக் கூடையில் மூடிக் கொடுத்தாள். “சித்தப்பா காட்டு மோட்டார் ரூமுல கொண்டுபோயி அடைச்சுட்டு வா. கதவ நல்லாச் சாத்து.” சித்தியிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. அந்த வருஷம் சித்தப்பா வீட்டில் கோழி கிடையாது. அவர்கள் குடும்பமே அருப்புக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. வர இரண்டு நாள் ஆகும்.

போவதற்கு முன் பேச்சி என் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு நாளைக்குப் பாத்துக்கக்கா. பஞ்சாரத்துல கவுத்திருக்கேன். தண்ணியும் கறையானும் போட்டாப் போதும். ஒன்னைத் தவுத்து வேற யாருகிட்டயும் அது இருக்காது.”

பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து வைக்கிற பெரிய மூங்கில் கூடை. மோட்டார் ரூம் சுவரை ஒட்டி வைத்திருந்தது. நான் போனபோது கௌதாரி இடுக்கு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, பேச்சி போன ரோட்டைப் பார்த்து ‘கத்தீதர்’ என்றது. நான் தண்ணீர் வைத்தேன். அது மறுபடியும் ரோட்டைப் பார்த்துக் கூவியது.

என் கூடையில் இருந்த மூன்றில் ஒரு பெட்டை அப்போதே கண்ணை மூடி மூடித் திறந்தது. எனக்குத் தெரிந்தது. இரண்டு கோழியை ரூமில் விட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்றாவதைப் பஞ்சாரத்தைத் தூக்கி உள்ளே விட்டேன். ராத்திரி முழுக்க இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. மறுநாள் சாயங்காலம் பேச்சி வருவதற்கு முன்னால் பெட்டையை எடுத்து ரூமில் போட்டுவிட்டேன்.

ரூமில் இடமில்லை, பாம்பு வரும் என்று பயம், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பல காரணங்களை இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் அச்சேறவில்லை. எடுத்து மாற்றி வைத்தேன் இல்லையா, அது ஒன்று போதும். தெரியாமல் செய்தவள் மாற்றி வைக்க மாட்டாள்.

ஆறாம் நாள் கௌதாரி தீனி எடுக்கவில்லை. பிறகு அதன் கழுத்து திருகிக்கொண்டது. பேச்சி மடியில் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. செத்த அன்று பேச்சி அழுததைவிட அதற்கப்புறம் சொன்னதுதான் என் காதில் நின்றுவிட்டது.

“நாந்தான் கொன்னுட்டேன்க்கா. பருத்திக்கு மருந்தடிச்ச காட்டுல வச்ச பானையில இருந்து கறையான் எடுத்துப் போட்டேன். நெனப்பே இல்லாமப் போட்டுட்டேன்.”

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். “வேணும்னேவா செஞ்ச, விடு” என்றேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு.

அந்தக் கோடையில் ஓடைப் பக்கமிருந்தும் கூவல் குறைந்தது. வேலி வரை வந்து சண்டைக்குக் கூப்பிடுகிறவை வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் முன்பு போலக் கேட்கவில்லை. காட்டுக்கும் சேர்த்து நான்தான் சீக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம் கூட.

இனி மூன்று வாரம் முந்தைய செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். அச்சகத்தில் டீ வந்திருந்தது. தரை ஒரு தடவை நெஞ்சுக்குள் தட்டினது மாதிரி அதிர்ந்தது. பிறகு சத்தம். இந்த ஊர்க்காரர்கள் யாரும் ‘என்ன’ என்று கேட்பதில்லை. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அந்தப் பக்கம் தன் ஆட்கள் இல்லாதவர்கள் மெதுவாக இறங்கி வருவார்கள். இருப்பவர்கள் படியில் இறங்கும்போதே கைபேசியை அழுத்திக்கொண்டிருப்பார்கள். ஏதோ பட்டாசுக் கம்பெனி. புகை தாயில்பட்டிப் பக்கம் எழுந்தது.

தாரணி அந்த வாரம் பேச்சி வீட்டில் இருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பேச்சியும் எடுக்கவில்லை. எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியாது. பஸ் பிடித்தது, பிறகு ஆட்டோ பிடித்தது, ஆட்டோக்காரர் “ஒங்க ஆளுக கம்பெனிக்குப் போனவுகளாக்கா?” என்று கேட்டது, நான் “இல்ல, கவுதாரி பாக்கப் போனவ” என்று சொன்னது, அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது எல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூட ஒரு கதவு வேகமாகச் சாத்தினால் என் கை நிற்கிறது. ஆட்கள் டீக்கு வெளியே வந்திருந்த நேரம் என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை என்று மாலையில்தான் தெரிந்தது.

நான் போய் இறங்கியபோது வேப்பமரத்தடியில் தாரணி ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சி அதன் கண்ணை விரித்துக் கொடுக்க, இவள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். இருவர் தலையும் முட்டிக்கொண்டு இருந்தன. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா, இந்நேரத்துல?”

அடிக்கத்தான் கை வந்தது. “போனு எங்க?”

“உள்ள சார்ஜுல கெடக்கு. சத்தம் கேட்டுப் பயந்துட்டியா? சித்தி கூடத்தான இருக்கேன். இதுக்கு எதுக்கு ஓடியார?”

சித்தி கூடத்தான இருக்கேன். உயிர் கையில் இருக்கிறதா என்று தெரியாமல் ஓடி வந்தவளுக்கு நிம்மதி வரவேண்டிய இடத்தில் என்ன வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரல்மேல் உட்கார்ந்தேன். பேச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“குடிக்கா. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. வெடிச்சது ஓடைக்கு அங்கிட்டு. இங்கன ஓடு கூட அசையல. நம்பி அனுப்பியிருக்க, இவள அந்தப் பக்கம் விட்ருவேனா நானு?”

ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

மிச்சக் கோழிகளுக்கும் மருந்து விட்டதும் தாரணி நோட்டை எடுத்தாள். பேச்சியிடம் ஒரு கேள்வி பாக்கியாம். “சித்தி, நீங்க வளத்த கவுதாரி எப்படிச் செத்துச்சு? அம்மாவும் இருக்கா, மறந்தத அவ எடுத்துக் குடுப்பா.”

பேச்சி சொன்னாள். கறையான், மருந்தடித்த காடு, எல்லாம். “எங்கையாலயே கொன்னேன்த்தா. அதுக்கப்புறம் எந்தக் குஞ்சுக்கும் நான் கறையான் வச்சதில்ல. இந்தா பாரு, ஒல்லி ஒல்லியாத் திரியுதுக. கடைத் தீனிதான். கறையான் பானையக் கண்டாலே ஒதுங்கிப் போயிருவேன்.”

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். குஞ்சுகள் ஏன் ஒல்லியாக இருக்கின்றன என்று நான் கேட்டதே இல்லை.

தாரணி பேனாவை நிறுத்தினாள். “தீனி போட்ட அன்னைக்கேவா செத்துச்சு?”

“இல்லத்தா. அஞ்சாறு நாளு கெடந்துச்சு. கழுத்து இப்பிடித் திருகிக்கிட்டு.”

“எச்சம்?”

“பச்சையும் வெள்ளையுமா.”

“சித்தி, அது மருந்து இல்ல. மருந்துன்னா அன்னைக்கே முடிஞ்சிரும். கழுத்து திருகுனா அது கழிச்சல். கோழிக்கு வர்றதுதான் கவுதாரிக்கும் வரும். சீக்குக் கோழி பக்கத்துல ஏதாச்சும் இருந்துச்சா?”

“எங்க வீட்டுல அப்பக் கோழியே இல்லையேத்தா. அக்கா வீட்டுக் கோழி மூணுதான் மோட்டாரு ரூமுல கெடந்துச்சு. அது சாத்துன ரூமு.” பேச்சி என் பக்கம் திரும்பினாள். “இல்லக்கா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தாரணி நோட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருப்பாள். ஆனால் பேச்சி கொடுத்த சொம்பு இன்னும் என் கையில் இருந்தது.

“ஒண்ண நான் பஞ்சாரத்துக்குள்ள விட்டேன் பேச்சி. சீக்குன்னு தெரிஞ்சுதான் விட்டேன். நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்.”

தாரணி நோட்டை மூடினாள்.

“எதுக்குக்கா?”

அந்த நிமிஷம் எனக்கு மறுபடியும் பத்து வயது ஆகிவிட்டது. “அது ஒன் பின்னால மட்டும் ஓடுச்சு” என்றேன்.

பேச்சி அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். வாய் உடைந்த பழைய பானை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல் தாரணியிடம் கேட்டாள்:

“அப்ப இதுகளுக்குக் கறையான் வைக்கலாமாத்தா?”

“வைக்கலாம் சித்தி.”

“ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஒண்ணும் ஆகாது. மருந்தடிக்காத எடமாப் பாத்து வைங்க.”

சாணி அள்ளப் போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்போது கை கழுவாமலே வாசலுக்கு வந்தாள். எப்போதும் ‘போயிட்டு வாக்கா’ என்பவள், ‘போயிட்டு வாங்க’ என்றாள். ஊரில் விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி.

பஸ்ஸில் நான் சொல்லாமலே என் மனதில் ஓடியதைத் தாரணி ஊகித்திருக்க வேண்டும். ஏதோ ஒரு ஊர் விலக்குப் பலகை கடந்தபோது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்த ஒரு கோழியாலதான் ஒங்க ஊர்ல கவுதாரி அழிஞ்சுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காதம்மா. கழிச்சல் ஒரு காரணம். பூச்சிக்கு அடிச்ச மருந்துல குஞ்சு திங்கிற பூச்சி போச்சு. கம்பு போட்ட எடம் பிளாட்டாப் போச்சு. கண்ணி, நாயி, சீமைக்கருவேலு. எதுன்னு ஒண்ணச் சொல்ல முடியாது.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஒரு காடே என்னால் போயிற்று என்று நினைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு கெட்ட பெருமைகூட இருந்திருக்கலாம். அவள் ஒரே மூச்சில் அதைப் பிடுங்கிக்கொண்டு, நான் செய்ததை மட்டும் அதன் சரியான அளவில் என் மடியில் வைத்துவிட்டாள். ஒரு கௌதாரி. அவ்வளவுதான். அது பேச்சியுடையது.

“நீ செஞ்சது வேற” என்று அவளே பிறகு சொன்னாள். “நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் கைபேசியில் கௌதாரி கூவவில்லை. ஒரு மணி அடித்தது. பாலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கேட்டேன்.

“சித்தி நேத்து ராத்திரி கூப்பிட்டு, அத அழிச்சிரச் சொன்னாங்க. ஒங்கம்மா காதுல அது விழுக வேணாம்னாங்க.”

“கோவமாச் சொன்னாளா?”

“சாதாரணமாத்தான் சொன்னாங்க.”

எனக்கு வலிக்குமே என்று சொன்னாளா, எனக்கு அது கிடைக்கக் கூடாது என்று சொன்னாளா? மூன்று வாரமாக அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். போனில் கூப்பிட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தாரணி மட்டும் போய்வந்தாள். ‘வர்றியாம்மா’ என்று கேட்கவில்லை. அங்கே எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். கவிழ்த்த பானையைத் தூக்கிய இடத்தில் குஞ்சுகள் முண்டியடித்துக் கறையான் பொறுக்குகின்றன. ஓரத்தில் பானையைப் பிடித்திருக்கும் பேச்சியின் கை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைக்கு மேலே எதுவும் படத்தில் விழவில்லை. இரண்டு குஞ்சுகள் தீனியை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்து நிற்கின்றன. எனக்கு இன்னும் நெஞ்சு கரிக்கத்தான் செய்தது.

சித்தப்பாவின் காடு இப்போது கல் நட்ட மனையாகக் கிடக்கிறது. மோட்டார் ரூம் இல்லை, வேலி இல்லை, வேலி வரை வந்து சண்டைக்குக் கூப்பிட்டவை இல்லை. அவற்றின் குரலை அப்படியே கூவத் தெரிந்த ஒரு வாய் இருக்கிறது. அது எனக்குக் கேட்காத தூரத்தில் இருக்கிறது.

இன்று ஐந்தேகாலுக்கே விழிப்பு வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போனேன். அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. செல்போன் கோபுரத்துப் பக்கமிருந்து ஒரு மயில் அகவியது. மயிலுக்கு இந்தக் காலம் ஒத்துக்கொண்டிருக்கிறது போல. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பேச்சி குவிக்கிற மாதிரி வாயைக் குவித்துக் கூவிப் பார்த்தேன். முதல் தடவை காற்று வந்தது. இரண்டாம் தடவை, தொண்டைக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி ஒரு களகளப்பு வந்தது. பாவாடை நாடாவுக்கு முடிச்சுப் போடச் சொல்ல யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

மூன்றாம் தடவை முயல்வதற்குள் கீழே தாரணியின் கைபேசியில் மணி அடித்தது. எல்லார் வீட்டிலும் அடிக்கிற அதே மணி.